பழைய கேம் டிஸ்க்கா புதுசா? வாங்க முதல் போட வேண்டிய கணக்கு

போன தவணை லீவுக்கு அக்காட மகன் திருகோணமலை ஓர்ஸ் ஹில்ல இருந்து சைக்கிள்ல வந்து, செருப்பக் கழட்ட முதலே கேட்டான், "மாமா, பழைய டிஸ்க் போட்டா மெஷின் பழுதாப் போகுமாம், உண்மையா?" எண்டு. யாரோ அவனுக்கு அப்பிடிச் சொல்லியிருக்கினம். உண்மையில்ல தம்பி, டிஸ்க்ல வெடிப்பு இல்லாட்டி மெஷினுக்கு ஒண்டும் ஆகாது எண்டு சொல்லிட்டு, பிறகு அவனோட ஒரு மணித்தியாலம் இருந்து கதைச்சன். இதே கேள்விய இங்க கன பெடியள் கேக்கிறபடியா அவனுக்குச் சொன்னத எல்லாருக்குமா எழுதி வைக்கிறன்.

முதல்ல கணக்கு. வாங்கிற விலைய மட்டும் பார்த்து ஒண்டும் முடிவெடுக்க வேணாம். விளையாடி முடிச்சு வித்த பிறகு கையால போன காசு எவ்வளவு, அதுதான் அந்த கேமின்ட உண்மையான விலை. பிஎஸ்5 (சோனியின்ட பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) வந்த 2020ல இருந்து பெரிய கேம்களின்ட விலை அமெரிக்காவில 69.99 டொலர். டொலர் 300 ரூபா எண்டு வைச்சாலே 21,000, அதுக்கு மேல கொண்டு வாற செலவு, வரி, கடைக்காரருக்கு ஒரு லாபம். இப்ப உதாரணத்துக்கு நீங்க 22,000க்கு புதுசு வாங்கி ரெண்டு மாசத்துல முடிச்சு 14,000க்கு விக்கிறீங்க எண்டு வைப்பம், உங்களுக்குப் போனது 8,000. அதே கேம ஆரோ முடிச்சிட்டு விக்கேக்க 13,000க்கு வாங்கி, நீங்களும் ரெண்டு மாசத்துல முடிச்சு 11,000க்கு வித்தா போனது 2,000 மட்டும்தான். கேம் ஒண்டுதான், கதை ஒண்டுதான், ஆனா ஒருத்தனுக்கு நாலு மடங்கு செலவு. எங்கட ஊர்ச் சம்பளத்துக்கு இது சின்ன விஷயம் இல்ல. 2022 மார்ச்சுக்கு முதல் டொலர் 200 சொச்சம், மே மாசம் 360 மட்டும் போச்சு, அந்த ரெண்டு மூண்டு மாசத்துலயே 70 டொலர் கேம் 14,000ல இருந்து 25,000 ஆகிட்டுது. கரண்டும் இல்லாத அந்தக் காலத்துல எங்கட ஒழுங்கையில நாலு பெடியள் ஆளுக்கொரு டிஸ்க் வச்சு மாத்தி மாத்தித்தான் விளையாடினவங்கள், புதுசா ஒருத்தனும் ஒண்டும் வாங்கேல்ல.

அதால என்ட கட்சி என்னெண்டா, திருகோணமலையில இருக்கிற ஒருத்தருக்கு முதல் தெரிவு பழைய டிஸ்க்தான். புதுசு வாங்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கோணும், அந்தக் காரணங்களையும் கீழ சொல்லுறன்.

ஆனா இதெல்லாம் மெஷின்ல டிஸ்க் போடுற இடம் இருந்தாத்தான். கன பேர் இதக் கவனிக்காம மெஷின வாங்கிட்டு வந்துதான் கேக்கிறாங்க. 2020ல வந்த பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனுக்கு டிஸ்க் ட்ரைவ் இல்ல, பிறகு பூட்டவும் ஏலாது. 2023 கடைசியில வந்த மெல்லிசு மொடலுக்கு ட்ரைவத் தனியா வாங்கிப் பூட்டலாம், பூட்டினவுடன ஒருக்கா இன்டர்நெட்டுல கனெக்ட் பண்ணி மெஷினோட சேக்கோணும். 2024 நவம்பர்ல வந்த பிஎஸ்5 ப்ரோவும் ட்ரைவ் இல்லாமத்தான் வருது. மைக்ரோசொஃப்ட்டின்ட எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் மெஷினும் அதே மாதிரி, டிஸ்க் ஏறாது. டிஜிட்டல் மெஷின் கொஞ்சம் மலிவு எண்டு எடுத்தா, பிறகு வாங்கிற ஒவ்வொரு கேமையும் ஒன்லைன் ஸ்டோர் சொல்லுற விலைக்குத்தான் வாங்கோணும், ஒண்டையும் விக்க ஏலாது, நண்பனுக்குக் குடுக்க ஏலாது. மிச்சம் பிடிச்ச காசு அஞ்சாறு கேம்ல போயிடும். இன்னும் மெஷின் வாங்கேல்ல எண்டா ட்ரைவ் இருக்கிறதா பாருங்க, இதுல நான் ஒரு இஞ்சியும் விட்டுக் குடுக்க மாட்டன்.

பிஎஸ்4 டிஸ்க், ட்ரைவ் உள்ள பிஎஸ்5ல ஓடும், ஒண்டிரண்டு கேமத் தவிர. பிஎஸ்5 டிஸ்க் பிஎஸ்4ல ஓடாது. பிஎஸ்3 டிஸ்க் ரெண்டுலயும் ஓடாது. அதால பிஎஸ்5 வச்சிருக்கிற ஒருத்தருக்கு பழைய பிஎஸ்4 டிஸ்க் பெரிய சொத்து, 2013ல இருந்து வந்த கேம்கள் அவ்வளவும் ஊருக்குள்ள கிடக்கு, விலையும் குறைவு.

இந்த டிஸ்க் கை மாறுற உரிமையே ஒரு நேரம் போகப் பார்த்தது எண்டு இப்பத்தப் பெடியளுக்குத் தெரியாது. 2013ல எக்ஸ்பொக்ஸ் வன் அறிவிக்கேக்க, பழைய கேம விக்கிறதுக்குக் கட்டுப்பாடு, 24 மணித்தியாலத்துக்கு ஒருக்கா இன்டர்நெட்டுல காட்டோணும் எண்டெல்லாம் சொன்னாங்க. உலகம் முழுக்க ஆக்கள் சத்தம் போட, அந்த ஜூன் மாசமே மைக்ரோசொஃப்ட் அதக் கை விட்டுது. அந்த நேரம் சோனி ஒரு 22 செக்கன் வீடியோ போட்டுது, பிஎஸ்4 கேம நண்பனுக்கு எப்பிடிக் குடுக்கிறது எண்டு: ஒருத்தர் டிஸ்க்க நீட்டுறார், மற்றவர் வாங்கிறார், அவ்வளவுதான். அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு வாற வழி இருக்கும் மட்டும் எங்களப் போல ஆக்களும் பெரிய கேமெல்லாம் விளையாடலாம், அதுக்காகத்தான் டிஸ்க் டிஸ்க் எண்டு நிக்கிறன்.

சரி, எந்த கேமப் பழசா வாங்கலாம். கதை உள்ள, தனிய விளையாடி முடிக்கிற கேம் எல்லாம் பழசுதான் புத்தி. 2018ல வந்த காட் ஒஃப் வோர், ஸ்பைடர்மேன் மாதிரியானதெல்லாம் முடிச்சாப் பிறகு அலுமாரியிலதான் கிடக்கும், வச்சிருக்கிறவன் விக்கத்தான் பார்ப்பான். இதுல இன்னொரு நன்மை, பொறுத்து வாங்கினா முழுசா வாங்கலாம். தி விட்சர் 3 2015ல வந்தது, பிறகு வந்த ரெண்டு பெரிய மேலதிகக் கதையையும் சேர்த்து 2016ல கேம் ஒஃப் த இயர் எடிஷன் எண்டு வந்திச்சு. முதல் நாள் வாங்கினவன் தனித்தனியாக் காசு கட்டினான், பொறுத்தவனுக்கு ஒரே பெட்டியில எல்லாம். ஹொரைசன் ஸீரோ டோனும் அப்பிடித்தான், 2017 டிசம்பர்ல கம்ப்ளீட் எடிஷன் வந்தது. பழசு தேடேக்க அட்டையில கம்ப்ளீட், கேம் ஒஃப் த இயர் எண்டு இருக்கிறதத் தேடுங்க, விலை கொஞ்சம்தான் கூட இருக்கும்.

பொறுக்கிறதுல இன்னொண்டு, முதல் நாள் வாற கேம் எல்லாம் ஒழுங்கா வாறதில்ல. சைபர்பங்க் 2077 2020 டிசம்பர் 10 வந்தது, பிஎஸ்4ல அது ஓடின சீருக்கு ஒரு கிழமையில சோனி தன்ட ஸ்டோர்ல இருந்தே எடுத்துட்டுது, திருப்பி 2021 ஜூன்லதான் போட்டாங்க. இப்ப அதே கேம் பிஎஸ்5ல நல்ல கேம். முதல் நாள் முழு விலை குடுத்தவன் பழுதான கேம வாங்கினான், பிந்தி வாங்கினவன் நல்ல கேம மலிவா வாங்கினான்.

வருஷா வருஷம் வாற விளையாட்டு கேம்கள் இருக்கே, ஃபிஃபா, இப்ப இஎ ஸ்போர்ட்ஸ் எஃப்சி (ஃபிஃபா எண்ட பேர் 23ஓட முடிஞ்சுது), இதுகள புது வருஷத்து கேம் வந்து ரெண்டு கிழமைக்குப் பிறகு பழசா வாங்குங்க. போன வருஷத்து டிஸ்க்க எல்லாரும் ஒரே நேரம் விக்கப் பார்ப்பாங்கள், விலை விழுந்து கிடக்கும். நண்பர்மாரோட வீட்டில இருந்து ரெண்டு கொன்ட்ரோலர்ல விளையாட அது தாராளம். ஆனா ஒன்லைன்ல அல்டிமேட் டீம் (வீரர்களச் சேர்த்து அணி கட்டுற பகுதி) விளையாடுறவர் எண்டா அந்த வருஷத்து கேம் அந்த வருஷமே வேணும், உங்களுக்குப் பழசு சரிவராது, அப்பிடி விளையாடுறவர் முதல் மாசமே வாங்கி, அடுத்தது அறிவிக்க முதல் வித்திடோணும், பிந்தினா வேண்ட ஆளில்ல.

பழசா வாங்கவே கூடாத டிஸ்க்கும் இருக்கு, இதுலதான் ஆக்கள் கூட ஏமாறுறாங்க. ஒன்லைன் சேர்வர் (கேம் கம்பனி இன்டர்நெட்டுல ஓட்டுற கம்ப்யூட்டர்) இல்லாட்டி ஓடாத கேம்கள். தி க்ரூ எண்ட கார் கேமின்ட சேர்வர 2024 மார்ச் 31ஓட மூடினாங்க, டிஸ்க் எவ்வளவு புதுசா இருந்தாலும் இப்ப அது சும்மா பிளாஸ்டிக். ஓவர்வோச் எண்ட ஒன்லைன் கேமின்ட முதலாவது பாகத்து டிஸ்க்கும் 2022 ஒக்டோபரோட முடிஞ்சுது. இதுகள் மலிவு விலைக்கு இன்னும் கை மாறிக்கொண்டுதான் இருக்கு, கேமே போயிட்டு எண்டு விக்கிறவனுக்கே தெரியாம இருக்கலாம். கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் வேற மாதிரி, 2024 ஜனவரி 31ஓட ஒன்லைன் நிண்டாலும் தனிய ஓடலாம். கிரான் டூரிஸ்மோ 7 எண்டா கனக்க பகுதிகளுக்கு இன்டர்நெட் வேணும். எந்தப் பழைய டிஸ்க்க வாங்க முதலும் கேமின்ட பேரோட சேர்வர் இருக்கா எண்டு ஒருக்கா தேடிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை.

டேட்டாவும் யோசிக்க வேணும். டிஸ்க்ல கேம் முழுசா இருக்கும் எண்டு நினைக்கிறது இப்ப எல்லாத்துக்கும் சரிவராது. 2022ல வந்த கோல் ஒஃப் டியூட்டி மொடர்ன் வோர்ஃபெயார் 2 டிஸ்க்ல இருந்தது 70 எம்பி அளவுதான், மிச்சம் அவ்வளவும் டவுன்லோட். நிலாவெளிப் பக்கம் இருக்கிற என்ட நண்பன் ஒருத்தன் போன் டேட்டாவிலதான் மெஷின ஓட்டுறவன், அவனுக்கு அப்பிடி ஒரு டிஸ்க் வந்தா மாசப் பேக்கேஜ் ஒரு ராத்திரியில முடிஞ்சிடும். ஃபைபர் இல்லாத வீடு எண்டா டிஸ்க்லயே முழுசா இருக்கிற கேமாப் பார்த்து எடுங்க, இல்லாட்டி நைட் டேட்டா உள்ள பேக்கேஜ் போட்டு ராத்திரியில இறக்க விடுங்க.

இப்ப டிஸ்க்கப் பாக்கிற விதம். இதச் சரியாப் பழகினா நீங்க ஏமாறவே மாட்டீங்க, நான் ஒருக்கா ஏமாந்துதான் பழகினன். ஒன்லைன்ல ஒருத்தரிட்ட ஒரு பிஎஸ்4 கேம் பார்த்தன், படத்துல கவர் புதுசு மாதிரி, விலையும் நியாயம், காச முதலே பேங்க்ல போடச் சொன்னார், போட்டன், கொழும்புல இருந்து வாற பஸ்ல பார்சலா ஏத்தி விட்டார். விடியப்புறம் பஸ் ஸ்டாண்டுல நிண்டு எடுத்து வீட்ட வந்து திறந்தா, உள்ளுக்க அதே கேம்தான், ஆனா நடு ஓட்டையச் சுத்தியிருக்கிற கண்ணாடி மாதிரிப் பகுதியில இருந்து ஒரு மெல்லிய வெடிப்பு, நகம் அளவுக்கு, உள்ளுக்க இருந்து வெளிய ஓடியிருந்தது. கெட்டியான பெட்டியில இருந்து ஒற்றக் கையால பிடுங்கி எடுத்தா அப்பிடித்தான் வெடிக்கும். போன் எடுத்தன், பஸ்ல நடந்திருக்கும் எண்டார், பிறகு எடுக்கவேயில்ல. அந்த டிஸ்க்க நான் மெஷின்ல போடவேயில்ல, வெடிச்ச டிஸ்க் உள்ளுக்க சுத்துற வேகத்துல உடைஞ்சா ட்ரைவும் சேர்ந்து போயிடும். அக்காட மகனுக்கு ஆரோ சொன்ன அந்தப் பயம் இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் உண்மை.

அதால முதல் பார்க்க வேண்டியது நடு ஓட்டை. டிஸ்க்க ஓரத்தால பிடிச்சு, போன் டோர்ச்சப் பின்னால வச்சு, ஓட்டையச் சுத்தி மெதுவாத் திருப்பிப் பாருங்க. வெடிப்பு இருந்தா வெளிச்சத்துல ஒரு வெள்ளி நூல் மாதிரி மின்னும். இருந்தா எவ்வளவு மலிவா எண்டாலும் வேணாம்.

பிறகு அடிப்பக்கம். டோர்ச்ச நேராப் பிடிக்காம சரிச்சுப் பிடிங்க, அப்பதான் கீறல் தெரியும். இதுல ஒரு விஷயம் விளங்கியிருக்கோணும். பிஎஸ்2 காலத்து டிவிடில தகவல் இருக்கிற படை 0.6 மில்லிமீற்றர் உள்ளுக்க, அதால மேல கீறினாலும் கடையில குடுத்துத் தேய்ச்சு எடுக்கலாம், பற்பசை போட்டுத் தேய்ச்ச கதையெல்லாம் எங்களுக்குத் தெரியும்தானே. பிஎஸ்3ல இருந்து இண்டைக்கு மட்டும் வாறது ப்ளூரே. அதுல தகவலுக்கு மேல இருக்கிற படை 0.1 மில்லிமீற்றர்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமயிர்த் தடிப்பு. அதுக்கு மேல ஒரு கெட்டிப் பூச்சு இருக்கிறதால லேசில கீறாது, ஆனா ஆழமாக் கீறினா முடிஞ்சுது, தேய்க்கப் போனா மிச்சமும் போயிடும். ப்ளூரே டிஸ்க்குக்குப் பற்பசை வேணவே வேணாம். மெல்லிய மயிர்க் கீறல் நாலஞ்சு இருந்தாப் பிரச்சனையில்ல, வாங்குங்க. நகத்தால தடவ நகம் மாட்டுற கீறல் எண்டா, அதுவும் வட்டமா டிஸ்க்கச் சுத்திப் போயிருந்தா, விடுங்க. நடுவில இருந்து வெளிய போற நேர்க் கீறல மெஷினுக்குள்ள இருக்கிற பிழை திருத்துற முறை சமாளிச்சிடும், டிஸ்க் சுத்துற திசையிலயே ஓடுற கீறல்தான் ஒரே இடத்துல கனக்கத் தகவல அழிக்கும். பழைய பிஎஸ்1 சிடி, பிஎஸ்2ல நீல நிறமா வாற சிடி வாங்கினா மேல் பக்கத்தையும் பாருங்க, சிடிக்குத் தகவல் படம் இருக்கிற பக்கத்துக்குக் கீழயே ஒட்டிக் கிடக்கு, அங்க உரிஞ்சிருந்தா ஒண்டும் செய்ய ஏலாது.

கண்ணால பாத்தது பாதிதான், போட்டுப் பார்க்கோணும். இதுலயும் ஒரு முறை இருக்கு. டிஸ்க்கப் போட்டவுடன மெனுவில கேமின்ட படம் வந்திட்டு, சரி வேலை செய்யுது எண்டு காசக் குடுத்திட்டு வராதீங்க. படம் வர டிஸ்க்ல ஒரு சொட்டு வாசிச்சாப் போதும். பிஎஸ்4, பிஎஸ்5ல கேம் முழுசா டிஸ்க்ல இருந்து உள்ளுக்க கொப்பியாகித்தான் ஓடும், பழுது எங்க இருந்தாலும் அந்தக் கொப்பி நேரத்துலதான் நிக்கும். அதால அந்த மெஷின்ல அந்த கேம் முதலே ஏறியிருந்தா அழிச்சிட்டுத் திருப்பி ஏத்தச் சொல்லுங்க. இன்டர்நெட்ட ஓஃப் பண்ணிட்டு ஏத்துங்க, அப்பதான் டிஸ்க்ல உள்ளது மட்டும் வரும். பெரிய கேம் அரை மணித்தியாலத்துக்கு மேலயும் எடுக்கும், இருந்து பாருங்க, எவ்வளவு ஏறியிருக்கு எண்டு காட்டுற கோடு ஓரிடத்துல அசையாம நிண்டா, ட்ரைவ் கர் கர் எண்டு திருப்பித் திருப்பி இழுத்தா, அது டிஸ்க்கின்ட நோய். கடைசி மட்டும் போய்க் கேம் திறந்து விளையாட்டு தொடங்கினாத்தான் காசு. போன வருஷம் கிண்ணியாவில ஒரு அண்ணர் வீட்ட இப்பிடித்தான் இருந்து பார்த்தன், பிளேன்டீ குடிச்சு, அவர்ட சின்ன மகன் எனக்கு அந்த கேமின்ட கடைசிச் சண்டைய எப்பிடி வெல்லுறது எண்டு முழுசாச் சொல்லியும் முடிச்சான், அதுக்குப் பிறகுதான் கோடு நூறு வீதத்துக்கு வந்தது. அந்த டிஸ்க் இப்பவும் ஒரு கரைச்சல் இல்லாம ஓடுது.

வீட்டில பார்க்க ஏலாட்டி, மணிக்கூட்டுக் கோபுரத்தடி மாதிரி ஆக்கள் நடமாடுற இடத்துல சந்திச்சு டோர்ச் பரிசோதனை செய்து, இண்டைக்கு ராத்திரி போட்டுப் பார்த்திட்டுச் சொல்லுறன், ஓடாட்டி திருப்பித் தாறன் எண்டு முதலே கதைச்சு மெசேஜ்லயும் எழுதி எடுங்க. ஓம் எண்டு சொல்லாத ஆளிட்ட வாங்க வேணாம். ஸ்கூல் பெடியள் தனியப் போகாம வீட்டில ஒரு பெரிய ஆளக் கூட்டிக்கொண்டு போங்க. தூரத்துல இருந்து எடுக்கிறதெண்டா பொருள் கைக்கு வந்த பிறகு காசு குடுக்கிற கூரியர் முறையில எடுங்க, முதல் காசு கேட்டா விடுங்க, அதோட டிஸ்க்கின்ட அடிப்பக்கத்த டோர்ச் வெளிச்சத்துல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, படம் போதாது.

பெட்டியின்ட முதுகையும் டிஸ்க்கையும் ஒத்துப் பாருங்க. பிஎஸ்4 கேம்ல சியுஎஸ்ஏ (CUSA) எண்டு தொடங்கி அஞ்சு இலக்கம் ஒண்டு இருக்கும், பிஎஸ்5 எண்டா பிபிஎஸ்ஏ (PPSA). ரெண்டும் ஒண்டா இருக்கோணும், இல்லாட்டி வேற பெட்டியில போட்டிருக்கு. அந்த இலக்கம் இன்னொரு காரணத்துக்கும் முக்கியம். டிஸ்க் எந்த நாட்டுது எண்டாலும் உங்கட பிஎஸ்4, பிஎஸ்5ல ஓடும், ஆனா பிறகு வாங்கிற மேலதிகக் கதை, மேலதிகச் சாமான் எல்லாம் டிஸ்க்கின்ட பிராந்தியத்தோட ஒத்துப் போகோணும். பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கேக்க நாட்டுப் பட்டியல்ல இலங்கை இல்ல, அதால எங்கட ஆக்கள் அமெரிக்கா, துபாய், இங்கிலாந்து எண்டு வேற வேற நாட்டில திறந்திருக்கினம், திறந்த பிறகு நாட்ட மாத்தவும் ஏலாது. அமெரிக்கக் கணக்கு வச்சிருக்கிறவர் ஐரோப்பிய டிஸ்க் வாங்கி அதுக்கு மேலதிகக் கதையக் காசு குடுத்து எடுத்தா, அது சேராது, காசு வீண். கேம மட்டும் விளையாடப் போறீங்க எண்டா இதப் பற்றி யோசிக்க வேணாம். பெட்டிக்குள்ள இருக்கிற, மேலதிகச் சாமான் எடுக்கிற கோட் கடதாசிக்கு பழைய டிஸ்க்ல ஒரு பெறுமதியும் இல்ல, முதல் ஆள் எப்பவோ போட்டிருப்பார்.

நிண்டென்டோ கம்பனியின்ட ஸ்விட்ச் மெஷின் வேற உலகம். அதுல சின்னக் கார்ட், கீறல் பிரச்சனை இல்ல, ஆனா விலை விழாது. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 2017ல வந்தது, அமெரிக்காவில இண்டைக்கும் அதே 60 டொலர். அதால பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் சிறுசு எண்டா புதுசே வாங்குங்க, விக்கேக்க காசு திரும்பும். எங்கட கடல் காத்துக்குக் கார்ட்டின்ட தங்க நிறத் தொடுப்பு மங்கிப் போறதுண்டு, அத ஐசோப்ரோப்பைல் அல்கஹோல்ல பஞ்சுக் குச்சியத் தோய்ச்சு லேசாத் துடைச்சாச் சரி. சின்னப் பிள்ளையள் வாயில போடாம இருக்கக் கார்ட்டுக்கு ஒரு சரியான கசப்பு மருந்து பூசியிருக்கு, வீட்டில பிள்ளை அழுதா பயப்பட வேணாம், தண்ணி குடுங்க. 2025ல வந்த ஸ்விட்ச் 2ல கேம் கீ கார்ட் எண்டு ஒண்டு இருக்கு, பெட்டியின்ட கீழ் ஓரத்துல திறப்புப் படத்தோட எழுதியிருக்கும். அந்தக் கார்ட்ல கேம் இல்ல, டவுன்லோட் பண்ணுற திறப்பு மட்டும்தான். விக்கலாம், வாங்கலாம், ஆனா கேம உங்கட டேட்டாவிலதான் இறக்கோணும்.

கம்ப்யூட்டர்ல விளையாடுறவைக்குப் பழசு எண்ட கதையே இல்ல, ஸ்டீம் எண்ட ஒன்லைன் கேம் கடையில வாங்கினத விக்க ஏலாது. அங்க கோடை, குளிர்காலத் தள்ளுபடிக்குப் பொறுங்க, வாங்கி 14 நாளுக்குள்ள, ரெண்டு மணித்தியாலத்துக்குக் குறைய விளையாடியிருந்தா காசு திருப்பித் தருவாங்க, பிடிக்காட்டி வெட்கப்படாம கேளுங்க.

இப்ப இங்க பரவியிருக்கிற இன்னொரு வியாபாரம், டிஸ்க்குக்குப் பதிலா கணக்க விக்கிறது. ஒரு கேம் வாங்கின பிளேஸ்டேஷன் கணக்க ரெண்டு மூண்டு பேருக்குப் பிரிச்சு அரைவாசி விலைக்குக் குடுக்கினம். தயவுசெய்து அதுல காசு போடாதீங்க. கணக்கு இன்னொருத்தரின்ட பேர்ல, அவர் பாஸ்வேர்ட மாத்தினா நீங்க யாரிட்டப் போய்க் கேப்பீங்க? சோனிட்டப் போகவும் ஏலாது, கணக்க விக்கிறது அவங்கட விதிக்கே மாறு. பழைய டிஸ்க் உங்கட கையில இருக்கிற பொருள், அது வேற, இது வேற.

அப்ப புதுசு எப்ப. முதலாவது, நண்பர்மார் எல்லாரும் ஒரே நாளில தொடங்கிற ஒன்லைன் கேம், ஆறு மாசம் பிந்திப் போனா கூட விளையாட ஆளில்ல. ரெண்டாவது, ஒரு பிள்ளைட பிறந்த நாளுக்குக் குடுக்கிறது, அந்தப் பொலித்தீனக் கிழிக்கிற சந்தோஷத்துக்கு ஒரு விலை இருக்கு, அதுல நான் கணக்குப் பார்க்கிறதில்ல. மூண்டாவது எனக்கு முக்கியமானது, சின்ன ஆக்கள் செய்த கேம். பழைய டிஸ்க் எத்தினை கை மாறினாலும் செய்தவருக்கு ஒரு சதமும் போறதில்ல. பெரிய கம்பனிக்கு அது தாங்கும். ஸ்டார்டியூ வேலி எண்ட கமத்துக் கேம எரிக் பரோன் எண்டவர் நாலு வருஷத்துக்கு மேல தனிய இருந்து செய்து 2016ல விட்டவர், ஹொலோ நைட்டச் செய்தது அவுஸ்திரேலியாவில மூண்டு நாலு பேர். இதுகளின்ட முழு விலையே 15 டொலர்தான், தள்ளுபடிக்கு இன்னும் குறையும். அப்பிடியானத நேரா ஸ்டோர்லயே வாங்குங்க, அந்தக் காசு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

வாங்கின பிறகு வச்சிருக்கிற விதத்துலதான் நான் முதல் சொன்ன கணக்கின்ட மற்றப் பாதி இருக்கு. பெட்டிய எறியாதீங்க, பெட்டி இல்லாத டிஸ்க்குக்கு விலை பாதிதான். டிஸ்க்க எடுக்கேக்க நடு பட்டன அமத்தி விட்டு எடுங்க, பிடுங்காதீங்க. கடற்கரைப் பக்கம் வீடு எண்டா ஜன்னலடியில அடுக்க வேணாம், கவர்க் கடதாசி ஈரம் பிடிச்சு மண்ணிறப் புள்ளி விழும், ஒரு மூடுற பிளாஸ்டிக் பெட்டியில சிலிக்கா ஜெல் பக்கெட் ரெண்டு போட்டு வச்சாப் போதும், புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாறதுதான். முடிச்ச கேம அடுத்த பாகம் வர முதல் வித்திடுங்க, வந்தாப் பிறகு எல்லாரும் விப்பாங்கள்.

விக்கேக்க கீறல் இருந்தா இருக்கு எண்டு படத்துல காட்டிப் போடுங்க. வாங்க வாறவர் போட்டுப் பார்க்கக் கேட்டா, நேரம் போகுது எண்டு சலிக்காம உள்ள கூப்பிட்டு, உங்கட மெஷின்ல கேம அழிச்சு, இன்டர்நெட்ட ஓஃப் பண்ணி, முதல்ல இருந்து ஏத்திக் காட்டுங்க.